மறு: சங்கத்து நாலு ஏக்கர் – விதைக்குப் பணம் அனுப்பும் முன்

அனைவருக்கும் வணக்கம்.

பெரியப்பா திதிக்கு ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் மஸ்கட் திரும்பினேன். ஊர் மாடுகள் மேய நம் சங்கம் வாங்கிய நாலு ஏக்கரில் கொழுக்கட்டைப்புல் விதைக்கச் செயலாளர் அண்ணன் கேட்டிருக்கும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில் என் பங்கை இன்னும் அனுப்பவில்லை. காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் நம் இடத்தில் இறங்கினேன். மினி டிராக்டரில், சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்குகிற ரோட்டவேட்டரை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ரோட்டிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது, செம்மண் மாவு மாதிரி. உள்ளே காலை வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது. அதற்குக் கீழே கடப்பாரை இறங்கவில்லை. சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டியிருக்கிறார்கள், கட்டை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. பள்ளத்து ஓரம் இரண்டு கட்டையில் இப்போதே துளிர் விட்டாயிற்று. கல்லில் அடிபட்டு மூன்று கத்தி உடைந்ததாக ஓட்டுகிற பையனே சொன்னான்.

கொழுக்கட்டைப்புல் விதை பஞ்சு மாதிரி சுணையோடு இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் மேலே வருவது கஷ்டம். இந்த மாவு மண்ணில் போட்டு ஒரு மழை பெய்தால் விதை உள்ளே இறங்கிவிடும், மேல்மண் ஏடு கட்டிக்கொள்ளும். அப்புறம் முளைப்பது சீமைக்கருவேலம் மட்டும்தான்.

முதலில் ஜேசிபி வைத்துக் கட்டையைப் பறிக்க வேண்டும். அடிக்கட்டையில்தான் மொட்டு இருக்கிறது, ஒரு அடிக்குக் கீழே வேரை அறுத்தால்தான் மறுபடி வராது. கல்லைப் பொறுக்கி வேலியோரம் போட வேண்டும். அதற்குப் பிறகு அதே மினி டிராக்டரில் அஞ்சு கலப்பையை (ஐந்து கொழு உள்ளது) மாட்டி, சரிவுக்குக் குறுக்கே இரண்டு ஓட்டு போதும். முதல் உழவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு மழை பெய்து களை முளைக்க விட வேண்டும். கடைசியில் பரம்புப் பலகை அடித்து மண்ணை அமுக்கி, நடந்தால் கால் தடம் மட்டும் பதிகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விதையை ஈர மணலில் பிசறித் தூவி, மேலே முள்கிளையை இழுத்து லேசாக மண் மூடினால் ஆயிற்று.

விதைக் கணக்கும் எனக்குப் புரியவில்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ. நாலு ஏக்கருக்குப் பதின்மூன்று கிலோவே தாராளம். மதிப்பீட்டில் 40 கிலோ போட்டிருக்கிறது. அதுவும் இந்த ஆவணியில் அறுத்த விதையாம். அறுத்து ஆறேழு மாதம் கிடந்தால்தான் அது ஒழுங்காக முளைக்கும்.

என் யோசனை, இந்த ஐப்பசி மழைக்குக் கொள்ளு விதைத்துவிடலாம். சித்திரையில் கோடை உழவு, அடுத்த ஐப்பசிக்குப் புல். எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, நாற்பது வருஷம் கலப்பையே பார்க்கவில்லை என்பார்கள். கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மர நிழல், மயிலைப் பசுக்கள். விதை உதிர்ந்த பிறகுதான் படலைத் திறந்து மாட்டை விடுவார். அப்படி ஒரு காடு நம் ஊர் மாடுகளுக்கு வேண்டும் என்றுதான் இந்த இடத்துக்கு நான் பணம் போட்டேன்.

– கிழக்குத் தோட்டம், மஸ்கட்

*

தம்பிக்கு நன்றி. நான் மூன்று மாதமாகக் கேட்பதும் இதைத்தான். ரோட்டவேட்டர் வாடகை 22 மணி நேரம் என்று துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. நாலு ஏக்கரை இரண்டு முறை ஓட்டினாலும் அவ்வளவு நேரம் ஆகுமா? சீட்டில் கையெழுத்து யாருடையது? 2016 பொங்கல் கணக்கில் நான் கேட்டதற்கே இன்னும் பதில் இல்லை. ஜேசிபிக்குத் தனி மதிப்பீடு வரட்டும், அன்றே என் பங்கை அனுப்புகிறேன்.

– மடத்துக்காடு, சிங்கப்பூர்

*

மாப்பிள்ளை, நாலு நாள் ஊருக்கு வந்தவர் உழவு சொல்லிக் கொடுக்கிறீர்கள். சித்திரையில் கண்ணபுரம் தேருக்கு, அங்கே கூடும் மாட்டுச் சந்தைக்கு, நாலு ஊர் சனமும் மாடு பிடித்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போகும். அதற்குள் பச்சை தெரிய வேண்டும் என்றுதான் அவசரப்படுத்தினோம். புல்லுக்கு வாங்கின இடத்தில் கொள்ளு விதைத்தால் நம் ஊர்ப் பேர் என்ன ஆவது? டிராக்டர்காரன் என் தங்கை மகன்தான், அதை நான் மறைக்கவில்லை. டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறான். உங்கள் அப்பா கிணறு வெட்டும்போது பாறைக்கு வெடி வைக்க யார் பணம் கொடுத்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

– பெரிய வீடு, டல்லாஸ்

*

மாமா, நீங்கள் கொடுத்ததுதான். அந்தத் தண்ணீரில் படித்து வளர்ந்தவன் நான், மறக்கவில்லை. உங்கள் மருமகன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவரே அஞ்சு கலப்பையை மாட்டட்டும். தேருக்குப் பச்சை வேண்டும் என்று இப்போது விதைத்தால் மாசிக்குள் காய்ந்த தரைதான் தெரியும்.

– கிழக்குத் தோட்டம்

*

எல்லோருக்கும் வணக்கம். காலையில் அம்மாவிடம் பேசினேன். நேற்று ராத்திரி நல்ல மழையாம். விடிந்ததும் போய்ப் பார்த்திருக்கிறார்கள், மேல்மண் தோசை மாதிரி பெயர்ந்து வருகிறதாம். எருவுக்கு ஆட்டுப்பட்டி போடலாம் என்று யாரோ பேசுகிறார்களாம். சீமைக்கருவேலங்காய் தின்ற ஆட்டை உள்ளே விடாதீர்கள், புழுக்கையோடு விதையும் விழும் என்று சொல்லச் சொன்னார்கள். கடனுக்கு இறக்கிய விதை மூட்டை கோயில் அறையில் இருக்கிறது. சாவி அம்மாவிடம்தான். சங்கம் ஒரு முடிவு சொல்லும் வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அம்மா அடுத்த வாரம் என் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

– பள்ளிக்கூடத்து வீதி, மெல்போர்ன்