தீமை மாற்று: ஒரு கலைச்சொல் சிக்கல்

பசுமலையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் கணினிகளில் ஓடும் திரைச்சூழலான கேடிஇ பிளாஸ்மாவின் அமைப்புகளில், நிறங்களும் தீம்களும் (திரையின் தோற்றத்தை மொத்தமாக மாற்றும் தொகுப்புகள்) வரும் பகுதியை இந்த வாரம் தமிழாக்க எடுத்திருக்கிறேன். கையில் இருக்கும் வரைவில் அப்பியரன்ஸ், ஸ்டைல், தீம் மூன்றுக்கும் 'தோற்றம்' என்றே விழுந்திருக்கிறது. 'தோற்றம்' என்பதைத் திறந்தால் உள்ளே இன்னொரு 'தோற்றம்', அதற்குள் 'சாளரத் தோற்றம்'. எந்தப் படியில் நிற்கிறோம் என்பது பயனருக்கு விளங்காது.

அப்பியரன்ஸ் தோற்றமாகவே இருக்கட்டும். ஸ்டைலுக்குப் பாணி. சாளரத்தின் தலைப்புப் பட்டை, ஓரம், மூடும் பொத்தான் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் விண்டோ டெக்கரேஷனுக்குச் சாளர ஒப்பனை. இவற்றில் பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன்.

ஐகானுக்குப் 'படவுரு' என்று போட்டிருக்கிறேன். 'சின்னம்' என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது, ஆனால் அந்தச் சொல் நமக்கு வேறிடத்தில் தேவைப்படுகிறது. கோப்புறையின் மூலையில் குட்டியாகப் பூட்டோ அம்புக்குறியோ ஒட்டிக்கொண்டு வருமே, அந்த எம்பளத்துக்குத்தான் சின்னம் பொருந்தும். புகைப்படக் கோப்பின் உள்ளடக்கத்தையே சுருக்கிக் காட்டும் தம்ப்நெயிலுக்குச் 'சிறுபடம்'. மூன்றும் ஒரே கோப்பு மேலாளரில் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் ஒன்றுக்கு இன்னொன்றை எழுதிவிட முடியாது.

மிச்சம் இருப்பது தீம். இப்போதைக்குக் 'கருப்பொருள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

மேலூரிலிருந்து:

மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது அக்கா. 1995இல் விண்டோஸ் 95க்கான பிளஸ் தொகுப்பில் டெஸ்க்டாப் தீம்கள் வந்தபோது 'கருப்பொருள்' ஓரளவு பொருந்தியிருக்கும். பயணம், இயற்கை, விளையாட்டு, அறிவியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருந்தது. அந்தப் பொருளை ஒட்டியே பின்புலப் படம், படவுரு, சுட்டி, ஒலி எல்லாம் அமைந்தன. இன்றைய கேடிஇயின் பிரீஸ் தீமுக்கும், க்னோம் என்ற இன்னொரு திரைச்சூழலின் அத்வைதாவுக்கும் அப்படி என்ன பொருள் இருக்கிறது? ஓர் ஓரத்தின் வளைவு, ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

இன்னொன்று. அகப்பொருள் இலக்கணத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவைதான் கருப்பொருள்கள். அதாவது ஒரு திணைக்குரிய உறுப்புகள். அந்தக் கணக்கில் படவுருவும் சுட்டியும் ஒலியும்தான் கருப்பொருள்கள், அவற்றைத் தாங்கும் முழுத் தொகுப்பைத் 'திணை' என்றுதான் சொல்ல வேண்டும். நாம் உறுப்பின் பெயரை முழுமைக்கு வைத்திருக்கிறோம். அதற்காகத் 'திணை' என்று வைக்கச் சொல்லவில்லை. உயர்திணை, அஃறிணை என்று இலக்கணப் பாடம் நினைவுக்கு வரும். தட்டச்சில் ஒரு எழுத்து பிசகினால் 'தினை' ஆகிவிடும்.

மேலமாசி வீதியிலிருந்து:

ஐயா, இவ்வளவு சுற்ற வேண்டுமா? இங்கே எந்த டிடிபி கடையில் நின்று கேட்டாலும் 'தீம் மாத்து' என்றுதான் சொல்வார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். 'தீம்' என்றே விட்டுவிட்டால் இரண்டே எழுத்து, பொத்தானிலும் அடங்கும்.

பசுமலையிலிருந்து:

தம்பி, பெயராக நிற்கும் வரை தீம் நல்ல பிள்ளைதான். இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்துப் பாருங்கள். கோப்பில் வரும் வரிகள் இவை: 'தீமை மாற்று', 'தீமை நிறுவு', 'புதிய தீமைப் பதிவிறக்கு'. 'தீமை நீக்கு' ஒன்றுதான் தேறுகிறது. உருபைப் பிரித்து 'தீம்-ஐ' என்று எழுதலாம் என்றால், இந்தக் கோப்பில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கோடு போட வேண்டும். அடைமொழியாக வந்தாலும் தொல்லைதான். தீம்பால், தீம்புனல் என்று படித்தவர்களுக்குத் 'தீம் நிறம்' என்பது இனிய நிறமாகப் படும்.

தல்லாகுளத்திலிருந்து:

'கோலம்' என்று வைத்துப் பார்க்கலாமா?

மணக்கோலம், தவக்கோலம், மாறுகோலம் என்பதில் வரும் கோலம். உள்ளே இருப்பது மாறாமல் மேலே தெரிவது முழுக்க மாறுவதற்குத் தமிழில் இதைவிடப் பழகிய சொல் கிடையாது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து கள்ளர் கோலத்தில் புறப்படுகிறார். தங்கக் குதிரையில் பட்டுடுத்தி வைகையில் இறங்குகிறார். பிறகு ராமராயர் மண்டபத்தில் ஓரிரவு முழுக்கப் பத்து அவதாரங்களின் கோலம். ஆடை, ஆயுதம், மாலை, வாகனம் எல்லாம் மாறும், அழகர் ஒருவர்தான். தீம் செய்வதும் இதுவேதான். செயலியின் வேலை மாறாது. பட்டியின் இடம்கூடப் பெரும்பாலும் மாறாது. நிறம், ஓரம், படவுரு, சுட்டி மாறும். எந்த நிறப் பட்டு என்று கரையில் நிற்கும் கூட்டம் முழுக்கக் கவலைப்படுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தான், தேர்வு போன்றவற்றைத் தூக்கிக் காட்டும் ஆக்சன்ட் கலருக்கு 'எடுப்பு நிறம்' என்பது என் பரிந்துரை. எடுப்பான நிறம் என்று வழக்கில் இருக்கிறதே.

கூட்டுச் சொற்களையும் எழுதிப் பார்த்தேன். குளோபல் தீம் என்பது முழுக்கோலம். ஐகான் தீம் படவுருக் கோலம், கர்சர் தீம் சுட்டிக் கோலம், டார்க் தீம் இருட்கோலம். உருபு சேர்ந்தால் 'கோலத்தை', 'கோலத்தில்'. எங்கும் பொருள் மாறவில்லை. கருப்பொருளில் ஆறு எழுத்து, யூனிகோடு குறிகளாக எண்ணினால் 11. கோலத்தில் மூன்று எழுத்து, ஐந்து குறி. அகலம் மாறாத பழைய உரையாடல் பெட்டிகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

உதவிப் பக்கத்திலும் இந்தச் சொல் கைகொடுக்கும். க்னோம் 42இல் (2022) தொடங்கி, லிப்அத்வைதாவில் (ஜிடிகே என்ற சாளர வரைகருவித் தொகுப்பின் மேல் அமைந்த க்னோம் நிரலகம்) எழுதிய செயலிகள் பயனர் நிறுவும் ஜிடிகே தீமை — பாருங்கள், எனக்கே வந்துவிட்டது — ஜிடிகே கோலத்தைப் பொருட்படுத்துவதில்லை. வெளிச்சமா இருட்டா என்பதைக் கேட்கும், க்னோம் 47இலிருந்து (2024) எடுப்பு நிறத்தையும் கேட்கும். இதை 'இச்செயலி கோலம் மாறாது' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். படவுருக் கோலத்துக்கு இந்தத் தடை இல்லை, அது பழையபடி மாறும்.

மேலமாசி வீதியிலிருந்து:

அக்கா சொன்ன 'தீமை நிறுவு'க்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் கோலம் என்றதும் வாசலும் அரிசிமாவும்தான் முதலில் கண்ணுக்கு வரும். போதாததற்கு 'என்னடா கோலம் இது?' என்றால் திட்டு. அலங்கோலம் வேறு இருக்கிறது.

மேலூரிலிருந்து:

வாசல் கோலத்தையும் இந்தக் கோலத்தையும் பெயர் பிரிக்காவிட்டாலும் வினை பிரித்துவிடும். போடுவதும் இடுவதும் வாசலில். பூணுவதும் கொள்வதும் மாறுவதும் இங்கே. ஆகவே அப்ளை பொத்தானுக்கு 'இடு' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. 'செயற்படுத்து' போதும். 'கோலம் பூணு' என்று பொத்தானில் எழுதலாம்தான், ஆனால் கூத்துக்கொட்டகை வாடை அடிக்கும். அலங்கோலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அரைகுறையாக நிறுவிய படவுருக் கோலத்துக்கு அதுவே சரியான பெயர்.

பசுமலையிலிருந்து:

அரைகுறைப் படவுருக் கோலம் என்றதும் சோதித்துவிடலாம் என்று ஒன்றைக் கட்டினேன். இதே வேலையில் இருப்பவர்களுக்காகப் படிகளைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு அடைவில் மறைந்திருக்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஐகான்ஸ். அங்கே உங்கள் கோலத்துக்கு ஒரு கோப்புறை. அதன் வேரில் இன்டெக்ஸ்.தீம் என்ற கோப்பு. அதில் நேம் என்ற வரியை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, அதற்கு அடுத்து, சதுர அடைப்புக்குள் தமிழின் மொழிக்குறி போட்ட இன்னொரு நேம் வரியில் தமிழ்ப் பெயரை எழுத வேண்டும். யுடிஎஃப் 8இல் சேமிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பது அந்த ஒரு வரியையும் விளக்க வரியையும்தான். கோப்புறையின் பெயர்தான் கணினிக்கு அடையாளம், அதைத் தமிழாக்கினால் முன்பு தேர்ந்த அமைப்பு அறுந்துபோகும். இல்லாத படத்தை எந்தக் கோலத்திலிருந்து எடுப்பது என்று சொல்லும் இன்ஹெரிட்ஸ் வரியில் இருக்கும் பிரீஸ், அத்வைதா போன்றவையும் கோப்புறைப் பெயர்களே. அவற்றில் கை வைத்தால் தாய்க் கோலம் கிடைக்காமல், தேடல் நேரே கடைசிப் புகலான ஹைகலர் கோலத்துக்குப் போய்விடும். அங்கே பெரும்பாலும் செயலிகள் தாமே கொண்டுவந்து வைத்த படவுருக்கள்தான் இருக்கும், கோப்புறை, அச்சுப்பொறி, வெட்டு, ஒட்டு எல்லாம் காணாமல் போகும். முழு அலங்கோலம்.

டைரக்டரீஸ் வரியும் அப்படித்தான். 16, 22, 32, 48 என்று உள்கோப்புறைகள் வைத்திருந்தாலும் அந்த வரியில் பெயர் இல்லாத கோப்புறை இருந்தும் இல்லாததே. ஒவ்வொன்றுக்கும் கீழே தனிப் பகுதி எழுதி அளவைக் குறிக்க வேண்டும். 48இல் வரைந்த எஸ்விஜி படத்தை 16க்குச் சுருக்கினால் மெல்லிய கோடுகள் கரைந்து அழுக்குப் போலத் தெரியும், சிறிய அளவுக்குத் தனியாக வரைவதுதான் வழி. எல்லாம் சரியாக இருந்தும் புதுப் படம் வரவில்லையென்றால் கோப்புறையில் படவுருக்களின் தற்காலிகச் சேமிப்பான பழைய ஐகான்-தீம்.கேஷ் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிடிகேயின் அப்டேட்-ஐகான்-கேஷ் கட்டளையை வலுக்கட்டாய விருப்பத்தோடு ஓட்டிவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைந்தால் வந்துவிடும்.

சொல் சோதனையில் ஒரே இடத்தில்தான் இடறியது. பெயர் மாறியாக வரும் (ஓடும்போது கணினியே பெயரை நிரப்பும்) வரிகளில் உபுண்டுவின் கோலமான யாரு வந்து உட்கார்ந்தால் 'யாரு கோலம்' என்று ஆகிறது. பதில் சொல்லத் தோன்றும். ஆகவே மாறிப் பெயர்களை எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள் வைப்போம், பின்னால் ஒற்றும் மிகாது: ''யாரு' கோலத்தை ஏற்ற முடியவில்லை'. 'படவுருக் கோலம்' போன்ற நிலையான தொடர்களில் மட்டும் க் மிகும்.

மேலமாசி வீதியிலிருந்து:

சரி அக்கா, கோலமே இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். தேடல் பெட்டியில் 'தீம்' என்று தட்டுகிறவருக்கும் இந்தப் பக்கம் கிடைக்க வேண்டும். இந்தப் பக்கத்துக்கான டெஸ்க்டாப் கோப்பில், தேடுசொற்களை வைக்கும் கீவேர்ட்ஸ் வரியின் தமிழ்ப் பதிப்பில் தீம், ஐகான் இரண்டையும் அரைப்புள்ளி வைத்துச் சேர்த்துவிடுங்கள்.

பசுமலையிலிருந்து:

சேர்த்துவிட்டேன் தம்பி, கருப்பொருளையும் சேர்த்தே போட்டிருக்கிறேன். கோப்பைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன். உள்நுழைந்ததும் எல்லாம் ஏறும் வரை தெரியும் ஸ்பிளாஷ் ஸ்கிரீனுக்கு இன்னும் சொல் இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. 'முகப்புத் திரை' வேண்டாம், அது ஹோம் ஸ்கிரீனுக்குப் போய்விட்டது.