பிரேக் போட்டு நிறுத்தினால் என்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது, எங்கே பார்ப்பது?

பாலக்கோடு:
வணக்கம். 2009 மாடல் பெட்ரோல் கார், மேனுவல் கியர், கேபிள் ஆக்சிலரேட்டர். ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை, இழுவையும் நன்றாக இருக்கிறது. தர்மபுரி நாலு ரோட்டில் வேகம் குறைத்து நிறுத்தப் போனால் மட்டும் ஆர்பிஎம் முள் சட்டென்று கீழே விழுந்து என்ஜின் நின்றுவிடுகிறது, சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஏசி போட்டிருந்தால் இன்னும் மோசம். செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. பட்டறையில் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று, இப்போது பெட்ரோல் பம்ப் மாற்றலாம் என்கிறார்கள். அது சின்னச் செலவு இல்லை. அடுத்த வாரம் குடும்பத்தோடு சேலம் போக வேண்டும், தொப்பூர் இறக்கத்தில் இப்படி நின்றால் என்ன ஆகும் என்றுதான் பயமாக இருக்கிறது.

ஓசூர்:
த்ராட்டில் பாடியை, அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதியை, சுத்தம் செய்து பாருங்கள் சார். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது (ஐட்லிங்) என்ஜினுக்குக் காற்று விடும் ஐடில் வால்வில் கரி அடைத்திருக்கும், பழைய பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் இதுதான்.

காவேரிப்பட்டணம் பட்டறை:
பம்ப் வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். பம்ப் பலவீனமானால் என்ஜின் அதிகமாகப் பெட்ரோல் கேட்கும் நேரத்தில்தான் முதலில் காட்டும், அதாவது ஏற்றத்திலும் ஓவர்டேக் செய்யும்போதும். இழுவை நன்றாக இருக்கிறது என்கிறீர்களே. ஓசூர்க்காரர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான், ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஆக்சிலரேட்டரை விட்டதால் நிற்கிறதா, பிரேக்கை மிதித்ததால் நிற்கிறதா, கிளட்சால் நிற்கிறதா? ரோட்டில் மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதால் பிரித்துத் தெரியாது.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைத்து, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு நியூட்ரலில் பாருங்கள். முதலில் பிரேக்கைத் தொடாமல் 2500 ஆர்பிஎம் வரை ஏற்றிச் சட்டென்று விடுங்கள். அங்கேயே நின்றுவிட்டால் ஐடில் வால்வு, த்ராட்டில் பாடி பக்கம். அது நிற்கவில்லை என்றால், ஐட்லிங்கில் விட்டு பிரேக் பெடலை நன்றாக மிதித்துப் பிடியுங்கள். முள் விழுந்து, காலடியில் 'ஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் விடாமல் வந்தால் பிரேக் பூஸ்டர், அதாவது பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பகுதி. மிதிக்கும் நொடியில் லேசாக வரும் சத்தத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டும் இல்லாமல், கிளட்சை முழுதாக மிதித்தும் கியரில் இருக்கும்போது மட்டும் உதறி நிற்கிறது என்றால் கிளட்ச் சரியாக விடுபடவில்லை.

பாலக்கோடு:
பார்த்துவிட்டேன் அண்ணா. ஏற்றி விட்டால் முள் கொஞ்சம் ஆடினாலும் நிற்கவில்லை. பிரேக்கை மிதித்துப் பிடித்தால் அப்படியே இறங்கி நின்றுவிடுகிறது, சத்தமும் தெளிவாகக் கேட்கிறது. பிரேக்குக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?

காவேரிப்பட்டணம் பட்டறை:
நேரடிச் சம்பந்தம் உண்டு. பூஸ்டருக்கு வேக்கம் (காற்றை உறிஞ்சும் வெற்றிடம்) என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் இருந்துதான் போகிறது. பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். பெடலைத் தொடாதபோது அதன் இரண்டு பக்கமும் வேக்கம், மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று வரும், அந்த அழுத்த வித்தியாசம்தான் உங்கள் காலுக்குத் துணை. டயாஃப்ரம் கிழிந்திருந்தால் அந்தக் காற்று அடுத்த பக்கம் தாவி, குழாய் வழியாக நேரே மேனிஃபோல்டுக்குப் போய்விடும். பெட்ரோல் என்ஜினுக்கு எடைக்கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. ஐட்லிங்கில் உள்ளே போவதே கொஞ்சம் காற்றுதான், அந்த நேரத்தில் கணக்கில் இல்லாத காற்று புகுந்தால் கலவை மெலிந்து நின்றுவிடும். ஓடும்போது தெரியாததற்குக் காரணமும் அதுதான்.

உறுதி செய்ய இன்னொரு சோதனை: என்ஜினை ஆஃப் செய்து, பெடல் கல் மாதிரி ஆகும்வரை பல முறை மிதியுங்கள். காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர், அல்லது அதற்குப் போகும் குழாய், அல்லது அதிலுள்ள ஒருவழி வால்வு. குழாயில் விரிசல் இருந்தால் செலவு குறைவு, அதனால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைச் சரிசெய்யாமல் தொப்பூர் இறங்காதீர்கள். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓடும்போது என்ஜின் நின்றால் மிஞ்சும் வேக்கம் ஓரிரண்டு மிதிக்குத்தான் வரும், கிழிந்த பூஸ்டரில் அதையும் நம்ப முடியாது. எங்கேயாவது அப்படி ஆனால் பெடலை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒரே மிதியாக முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள், பெடல் கனமாக இருக்கும், ஆனால் பிரேக் பிடிக்கும். ஸ்டியரிங்கும் கனக்கும். வண்டி நிற்கும்வரை சாவியை மட்டும் உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஓசூர்:
பிரேக்கை மிதித்தால்தான் நிற்கிறது என்றால் இவர் சொல்வதுதான் சரி. கூடவே பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். அங்கே பிரேக் ஆயில் கசிந்து உள்ளே போனால் டயாஃப்ரம் ஊறிக் கெட்டுவிடும். அதை விட்டுவிட்டு பூஸ்டர் மட்டும் மாற்றினால் புதியதும் வீணாகும்.

பாலக்கோடு:
இன்று வேலை முடிந்தது. குழாய் நன்றாகத்தான் இருந்தது. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியதும் பூஸ்டர் வாயில் ஆயில் ஈரம், ஓசூர் அண்ணா சொன்ன அதே இடம். பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் சேர்த்து மாற்றி, பிரேக் குழாயில் இருந்த ஏரை வெளியே எடுத்து, காரிமங்கலம் வரை போய் வந்தேன். எத்தனை முறை பிரேக் போட்டாலும் நிற்கவில்லை. ஏசி போட்டால் மட்டும் முள் லேசாக இறங்கி ஏறுகிறது.

காவேரிப்பட்டணம் பட்டறை:
நல்லது தம்பி. ஏசி கம்ப்ரசர் சேரும் நொடியில் கொஞ்சம் இறங்கி ஏறுவது சாதாரணம். ரொம்ப இறங்கினால் த்ராட்டில் பாடியைக் கழற்றி அதற்கான ஸ்ப்ரேயும் துணியும் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள், ஆனால் அதற்குள் காற்று வழியைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சி வால்வின் ஸ்டாப் ஸ்க்ரூவை யாரும் திருக விடாதீர்கள். சேலம் கிளம்பும் காலையில் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். இன்று நிரப்பியதை விடக் குறைந்திருந்தால் கிளம்ப வேண்டாம், நேரே பட்டறைக்குப் போங்கள்.