பில்ஜ் கைப்பம்ப் தண்ணி இழுக்கல, லாரி டியூப்ல டயாஃப்ரம் வெட்டிப் போடலாமா?

கேள்வி:
படகுலயே குடியிருக்கோம். பில்ஜ் (படகோட அடியில தண்ணி தேங்குற இடம்) கைப்பம்ப்பை இருபது தடவை அடிச்சாத்தான் கொஞ்சம் தண்ணி வருது. கழட்டினா, டயாஃப்ரத்தோட (உள்ள அசைஞ்சு தண்ணியை இழுக்குற ரப்பர் தகடு) வெளி ஓரத்துல நக அளவு கிழிசல். உள்வால்வ் ரப்பரும் சுருண்டிருக்கு. உதிரி வர நாளாகும். லாரி டியூபும் சூப்பர் க்ளூவும் இருக்கு.

பதில் 1:
சூப்பர் க்ளூ வேண்டாம். காஞ்சதும் விறைச்சுடும், மடங்குற இடத்துல வெடிச்சுக் கிழிசல் இன்னும் நீளும். புதுசாவே வெட்டுங்க, ஆனா டியூப்ல எந்த இடத்துல வெட்டுறீங்கங்கிறதுதான் முக்கியம். தட்டையான துண்டு போட்டா கைப்பிடி பாதியிலயே முட்டி நிக்கும். டியூபோட வெளிச்சுற்று, அதாவது டயர் தரையில உருளுற பக்கம், இயல்பாவே கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும். அங்க வெட்டினா சுருக்கம் விழாமத் தேவையான தளர்வு கிடைக்கும்.

ஸ்குரூ ஓட்டையைக் கத்தியால கீறாதீங்க, கீறலோட முனையிலிருந்து கிழியும். சின்னச் செம்புக் குழாய் ஒண்ணோட விளிம்பை அரத்தால கூராக்கி, பலகை மேல ரப்பரை வெச்சு அழுத்தித் திருகினா வட்டமா விழும். ஸ்குரூக்களை எதிரெதிரா முறுக்கி, ரப்பர் லேசாப் பிதுங்கினதும் நிறுத்துங்க. பழையது ஓரத்துல கிழிஞ்சதுக்கு அதிக முறுக்கே காரணமா இருக்கலாம்.

பதில் 2:
வால்வ் ரப்பர் சுருண்டிருக்குன்னா பில்ஜ்ல டீசல் இருக்கான்னு பாருங்க. லாரி டியூப் பெரும்பாலும் பியூட்டைல்ங்கிற ரப்பர். டீசல் பட்டா ஊதிச் சுருளும், சீக்கிரமே வால்வ் மூடாது. வால்வுக்கு மட்டுமாவது 3 மி.மீ. நைட்ரைல் (டீசல் தாங்குற ரப்பர்) ஷீட் போடுங்க. வாஸ்லினும் பெட்ரோலியம்தான், ரப்பர்ல தடவாதீங்க. சிலிக்கான் கிரீஸ் போதும். வால்வ் உட்காருற இடத்தை விரலால சுத்தித் தடவிப் பாருங்க. ஒரு முடி கிடந்தாலே காத்து திரும்பிடும்.

கேள்வி கேட்டவர்:
ரெண்டும் மாத்தியாச்சு. இழுக்குது, ஆனா நிறுத்தி அடிச்சா மறுபடி காத்துதான் வருது.

பதில் 3:
பம்ப்போட உறிஞ்சு வாயில ஒரு மீட்டர் ஹோஸ் மாட்டி வாளியில விட்டு அடிங்க. நல்லா இழுத்தா பம்ப் சரி, பழைய ஹோஸ்லதான் காத்து புகுது. இணைப்புகளைச் சுத்தி ஒவ்வொண்ணா கெட்டி கிரீஸ் அப்பி அடிச்சுப் பாருங்க. எதுல அப்பினதும் பிடிக்குதோ அதுதான் ஓட்டை. அந்த முனையில ரெண்டு செ.மீ. வெட்டிட்டு, வெந்நீர்ல ஒரு நிமிஷம் முக்கி மாட்டி, கிளாம்ப் போடுங்க. கிளாம்ப் ஸ்குரூ காந்தத்துல பலமா ஒட்டுச்சுன்னா அது சாதா இரும்பாவோ மட்டமான ஸ்டெயின்லெஸ்ஸாவோ இருக்கலாம், துருப்பிடிச்சுப் போகும்.

படகு அடியில துளை போட்டுப் பொருத்தின வால்வுக்குப் போற ஹோஸ்ல மட்டும் இந்த வேலை கூடாது. அதுக்கு முறையான ஹோஸ், ரெண்டு கிளாம்ப். அது கழண்டா எந்தக் கைப்பம்பும் தண்ணியை மிஞ்சாது. உதிரி வர்ற வரைக்கும் ரெண்டு நல்ல வாளி கைக்கெட்டுற இடத்துல இருக்கட்டும்.