ரிமோட் டிரக்ல ரியர் டிஃப் (பின் சக்கரம் ரெண்டுக்கும் விசையைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல்) "டர்ர்ர்"னு கத்துது, முன் சக்கரம் மட்டும் இழுக்குது: எதை மாத்தணும்?

ஐந்துரோடு_ஆர்சி:
1/10 அளவு, 4 வீல் டிரைவ் டிரக். பிரஷ்லெஸ் மோட்டார், 3எஸ் லிப்போ (மூணு செல் லித்தியம் பேட்டரி). ஏற்காடு அடிவாரத்துல கல்லுத் தரையில ஓட்டினப்போ பின்னாடி சத்தம் வந்துச்சு, இப்ப முன் சக்கரம்தான் இழுக்குது. ஸ்பர் கியர் (மோட்டார் சுத்துற பெரிய பல்சக்கரம்) பல் முழுசா இருக்கு. ரியர் கியர்பாக்ஸை மொத்தமா மாத்தணுங்களா? இல்ல லேத் பட்டறையில பித்தளையில கிரவுன் (டிஃப் மேல இருக்கிற பெரிய பல்சக்கரம்) செஞ்சுக்கலாமா?

கொண்டைஊசி20:
காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கையால பாருங்க. பேட்டரியைக் கழட்டிட்டு, ஸ்பரை ஒருத்தர் அழுத்திப் பிடிக்கட்டும். பின்னாடி சக்கரம் ரெண்டையும் ஒரே திசையில திருப்புங்க. அசையவே கூடாது. "கடக் கடக்"னு தாவினா கிரவுன்-பினியன் (பினியன்னா கிரவுனைச் சுத்துற சின்னப் பல்சக்கரம்) பல் போச்சு. சத்தமில்லாம சுத்தினா டிரைவ் கப்போட (தண்டு நுனியில மாட்டுற கிண்ணம்) கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) லூஸ், இல்லன்னா ஸ்லிப்பர் (அதிக விசை வந்தா வழுக்கி விடற கிளட்ச்) வழுக்குது.

அப்புறம் ஒரு சக்கரத்தை மட்டும் திருப்புங்க. மத்தது எதிர்த்திசையில சுத்தணும். சுத்தலன்னா சக்கர ஹெக்ஸுக்குள்ள (சக்கரம் உக்கார்ற அறுகோணத் துண்டு) இருக்கிற பின் ஒடிஞ்சிருக்கானு பாருங்க. அந்தத் துக்கடா பின் ஒண்ணு போனாலே டிஃப் விசையை எல்லாம் அந்தப் பக்கமே விட்டுடும். பின்னாடி ரெண்டு சக்கரமும் செத்த மாதிரி தெரியும்.

கிரீஸ்கை:
லேத்ல கிரவுன் வராதுங்க. அது சாய்வுப் பல், கோணத்துல வெட்டணும், கடைசல்ல ஆகாது. பித்தளைன்னா ஸ்டீல் பினியன் ரெண்டு நாள்ல தின்னுடும். ஹெக்ஸ் பின் மட்டும் வெளியில பாத்துக்கலாம். பழசை அளந்துட்டு, பேரிங் கடையில அதே விட்டத்துல டவல் பின் (உருளை ஸ்டீல் பின்) கேளுங்க. சைக்கிள் ஸ்போக்ஸை வெட்டிப் போட்டா வளைஞ்சு ஹெக்ஸுக்குள்ளயே சிக்கிக்கும்.

மேட்டுத்தெரு:
ஸ்லிப்பரை ஃபுல் டைட் வெச்சா வழுக்குற பிரச்சினையே இல்லையே?

கிரீஸ்கை:
அப்படி வெச்சா அடுத்து உடையறது கிரவுன். முழுசா இறுக்கி, அரைச் சுத்து தளர்த்துங்க. மண்ணுல நின்ன இடத்துலேர்ந்து ஃபுல் திராட்டில் குடுத்தா ஓரிரு அடிக்கு வழுக்கிட்டுப் பிடிக்கணும். பிளாஸ்டிக் ஸ்பரையும் மெட்டலா மாத்தாதீங்க, அதுதான் ஃபியூஸ்.

ஐந்துரோடு_ஆர்சி:
கடக் கடக்குன்னுதான் தாவுது. திறந்து பாத்தேன்: கிரவுன்ல பல்லு எல்லாமே வெளி ஓரத்துல மட்டும் மழுங்கியிருக்கு. ஒரு பேரிங் கரகரங்குது.

கொண்டைஊசி20:
அப்ப கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல விழுந்த இடைவெளிதான் காரணம். ஒரே இடத்துல பல் பறந்திருந்தா தாவி விழுந்த அடின்னு சொல்லலாம். சுத்திலும் ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா பல் முழு ஆழத்துக்கு இறங்கலன்னு அர்த்தம். பேரிங் ஆட்டத்துல கிரவுன் விலகியிருக்கும்.

கிரவுன், பினியன் ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. தேஞ்ச பினியன் புதுப் பல்லையும் தின்னும். பேரிங் எல்லாத்தையும் புதுசாப் போடுங்க. கிரவுன் பக்கத்துப் பேரிங்குக்கும் டிஃப்புக்கும் நடுவுல 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய வாஷர்) ஒண்ணு வெச்சு மூடி, கையால சுத்துங்க. சுத்தமா ஆட்டமே இல்லாம இறுகினா ஷிம்மை 0.1 ஆக்குங்க. மயிரிழை ஆட்டம் இருக்கணும். ஒவ்வொரு சுத்துலயும் ஒரே இடத்துல மட்டும் இறுகினா, கிரவுன் ஸ்க்ரூவைக் குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி முடுக்கலன்னு பொருள்.

உடைஞ்ச பல் தூளை பிரஷ்ஷால எடுத்துட்டு மூடுங்க. நம்ம பக்கத்து வெள்ளைக்கல் தூசி கிரீஸோட சேந்தா எமரி பேஸ்ட்தான், அதனால பல்லுல மட்டும் மெல்லிசாத் தடவினாப் போதும். டிஃப் உள்ள சிலிக்கான் ஆயில் 10,000 சிஎஸ்டி (ஆயிலோட கெட்டித்தன்மை அளவு). குறுக்குத் தண்டு மூழ்கினதும் நிறுத்திடுங்க, விளிம்பு வரைக்கும் ஊத்தினா சீல் கசியும்.

கிரப் ஸ்க்ரூ எம்3ன்னா 1.5 மி.மீ. ஆலன் கீ. எண்ணெயைத் துடைச்சிட்டு நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ தளராமப் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழட்டறப்ப சால்டரிங் அயர்ன் வெச்சுச் சூடு பண்ண வேண்டியிருக்கும். ஸ்க்ரூ தண்டோட தட்டைப் பகுதி மேலேயே நேரா உக்காரணும்.