ஆன்டிபயாடிக் ஆரம்பித்ததிலிருந்து அம்மாவுக்குப் படபடப்பு, அவசரம்

நிலா82: அம்மாவுக்கு ரொம்ப வருஷமாக வீசிங். சிறுநீரில் கிருமி என்று வேறொரு டாக்டரிடம் போனோம், ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். மூன்று நாளாக நெஞ்சு படபடப்பு, குமட்டல், ராத்திரி தூக்கமே இல்லை. காபி டம்ளரைப் பிடித்தால் தளும்புகிறது. இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

காவேரிக்கரை: என்ன ஆன்டிபயாடிக்? வீசிங்குக்கு வேறென்ன மருந்து? வயது?

செல்வா: நீல இன்ஹேலர்தானே? அதிலுள்ள சால்புட்டமால் மருந்து கை நடுக்கம் தரும். எனக்கும் உண்டு.

மல்லிகை: வெறும் வயிற்றில் மாத்திரை போட்டிருப்பார், கேஸ்தான். ஓமத் தண்ணீர் கொடுங்கள்.

மூத்தவன்: மருந்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்டால் எப்படியம்மா? அட்டையைப் பார்த்து எழுதுங்கள். எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வது!

காவேரிக்கரை: அவர் பயந்துபோய்க் கேட்கிறார் சார், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே.

நிலா82: மன்னிக்கவும். வயது 67. சிப்ரோஃப்ளாக்சசின் 500, காலை, இரவு. வீசிங்குக்கு இன்ஹேலர், அப்புறம் டெரிஃபிலின் மாத்திரை. அது எப்போதும் போடுவதுதானே என்று புது டாக்டரிடம் சொல்லவில்லை.

மருந்துக்கடை: அதுதான் விஷயம். டெரிஃபிலினில் தியோஃபிலின் இருக்கிறது. கல்லீரலில் அதை உடைக்கும் நொதியை சிப்ரோஃப்ளாக்சசின் தடுத்துவிடும். போடுவது அதே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். தியோஃபிலினில் குணப்படுத்தும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. மிக அதிகமானால் வலிப்புகூட வரும். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, நாடி தாறுமாறாக ஓடினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எல்லா அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். காபியும் இப்போதைக்கு வேண்டாம், கஃபீனை உடைப்பதும் அதே நொதிதான்.

செல்வா: அசித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கும் இப்படித்தானா? என் பையனுக்கு அடிக்கடி தருகிறார்கள்.

மருந்துக்கடை: எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இரண்டும் தியோஃபிலினை ஏற்றும். அசித்ரோமைசினில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டே வாங்குங்கள்.

மல்லிகை: இன்ஹேலர் பழகினால் விடாது. மாத்திரைதான் நல்லது.

காவேரிக்கரை: இல்லவே இல்லை. இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரை மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. இந்தப் பயத்தால் என் அப்பா பத்து வருஷம் இழுத்து இழுத்து மூச்சுவிட்டார்.

மல்லிகை: எங்கள் வீட்டில் பார்த்ததைச் சொன்னேன்.

மூத்தவன்: தலைப்புக்கு வாருங்கள். நிலா, டாக்டரிடம் போனீர்களா?

நிலா82: போனோம். ஈசிஜி எடுத்தார்கள். டெரிஃபிலினை நிறுத்தி, ஆன்டிபயாடிக்கையும் மாற்றினார்கள். நேற்று ராத்திரி தூங்கினார். நன்றி.