ஆத்துமுகத்தில் கண்ட மீன்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மூதூரிலிருந்து:
மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி வந்து கொட்டியாரக்குடாவில் விழுகிற இடத்துக்குக் கிட்டத்தான் எங்கட வீடு. மாரி தொடங்கி ஆறு கலங்கினதும் வாப்பா கொடுவாவுக்கு வலை போடுவார். போன மாரியில் நானும் தோணியில் போனேன். டோர்ச் அடித்தால் கொடுவாவின் கண் தணல் மாதிரிச் சிவந்து தெரியும். கரையோரச் சதுப்பில் வளர்கிற கண்ணா மர வேரடியில் கட்டிய வலையில் அப்படி இரண்டு கண். தூக்கினால் ஏழெட்டுக் கிலோ, வயிறு முட்டச் சினை. வாப்பா சிக்கலை அறுத்து அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார். கூட வந்தவருக்குச் சரியான கோபம்.

கோபம் நியாயம்தான், பெரிய மீனுக்குத்தானே விலை. ஆனால் கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிரும். இன்னும் சில வருடம் தின்று பெருத்த பிறகுதான் பெட்டையாக மாறும். நாலைந்து கிலோவைத் தாண்டியதில் பெரும்பாலானவை பெட்டை. முட்டையிட அவை ஆற்றைவிட்டு உப்புத் தண்ணீருக்கு இறங்க வேணும். இறங்குற வழியிலேயே பெரியதாகப் பார்த்துப் பிடித்தால் ஆற்றில் ஆண் மட்டும்தான் மிஞ்சும். வாப்பா செய்தது சரி என்றுதான் கோபப்பட்டவரிடமும் சொன்னேன்.

வெருகலிலிருந்து:
மூதூர்க் காக்கா (அண்ணன்), எங்கட பக்கம் விலாங்கு. ஒரு மழை இரவு மதகடியில் நீர் கசியிற சீமெந்துச் சுவரில் சுண்டுவிரல் நீளக் குஞ்சுகள் ஒட்டி ஒட்டி ஏறினதைக் கண்டேன். உடம்பு முழுக்க நிறம் பிடிக்கவில்லை, வெளிச்சத்தில் நடுமுள் தெரிந்தது. வழுக்கி விழுந்ததும் திரும்ப ஏறிச்சுது. இவை ஆழ்கடலில் பிறந்து, ஆறேறி, வருடக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பி அங்கேயே சாகும். ஈரச் சுவர் என்றால் ஏறும். ஆனால் மேலே 1985இல் திறந்த விக்டோரியா அணை 122 மீட்டர் உயரம், அதைத் தாண்டும் என்று எதிர்பார்க்கேலாது. ஆகவே கீழே இருக்கிற ஆறும் வில்லுகளும் (ஆற்று வெள்ளம் தேங்குற தாழ்நிலங்கள்) கெடாமல் இருக்க வேணும்.

கிண்ணியாவிலிருந்து:
வெட்டின கண்ணா திரும்பத் தழைத்த ஒரு கரையில் வீச்சுவலை எறிந்தோம். மணலைக் குஞ்சும் இறாலும் வந்தன. அதோடு, நெற்றியில் வெள்ளைக் கோடு போட்ட கொடுவாக் குஞ்சுகள்! மொட்டைக் கரையாய்க் கிடந்த காலத்தில் இதை நான் கண்டதே இல்லை. பார்த்துவிட்டு எல்லாத்தையும் திரும்ப விட்டோம்.

ஆனால் ஆத்துவாயில் குறுக்கே தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை கட்டினால் இந்தக் குஞ்சு உள்ளே வராது, மூதூர்க் காக்காட வாப்பா விட்ட பெட்டை வெளியே போகாது. அது தடைசெய்த வலை, ஆனாலும் இரவில் கட்டுறாங்கள். முதல் வெள்ளத்தோடு ஆத்துவாயில் யாரும் வலை வைக்கக்கூடாது என்று இங்கே கரையில் பேசிக்கொண்டிருக்கிறோம். மூதூர், வெருகல் ஆட்களும் சேருவீங்களா?