சர்விங் என்பதற்கு 'உண்ணளவு': உணவுப் பிரமிடு சுவர்ப்படத்துக்கான சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மகளிர் குழுக்களுக்காக நாம் தயாரிக்கும் உணவுப் பிரமிடு சுவர்ப்படத்தில் ஓவியம் முடிந்துவிட்டது. சொற்கள்தான் பாக்கி: ஒன்று தலைப்பு, மற்றொன்று 'சர்விங்' (serving), அதாவது உணவை எண்ணிச் சொல்ல வைத்திருக்கும் ஒரு நிலையான அளவுக்கான சொல். இதுவரை வந்த எல்லாக் கருத்துகளையும் படித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் தலைப்பு. இதில் அதிகம் இழுக்க வேண்டாம். இராமேசுவரத்து அண்ணன் 'உணவுக் கோபுரம்' என்றார். அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல், வடிவம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். கண் நேராகக் கலசத்துக்குப் போகும், கை தானாகக் குவியும். இந்தப் படத்தின் உச்சியில் இருப்பவையோ எண்ணெய், கொழுப்பு, இனிப்பு. அதாவது மிகக் குறைவாகத் தொட வேண்டியவை. கோபுரம் என்று பெயர் வைத்துவிட்டு உச்சியில் இருப்பதை ஒதுக்கச் சொன்னால், பெயரே படத்துக்கு எதிராக நிற்கும். இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'கூம்பகம்' அழகான சொல். இருந்தாலும் இங்கே பிள்ளைகள் பள்ளியில் 'பிரமிடு' என்று படிக்கிறார்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போவதும் அவர்கள்தான். பிரமிடே இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது 'சர்விங்'. 1992-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட பிரமிடில், அடித்தட்டில் உள்ள ரொட்டி, சோறு வகைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 11 சர்விங் என்று இருக்கும். நம் வரைவில் அது '6 முதல் 11 முறை பரிமாறுதல்' என்று வந்திருக்கிறது. பதினொரு தடவை சோறு போடச் சொல்கிறார்கள் என்றுதான் எவரும் படிப்பார். அவர்கள் கணக்கில் ஒரு சர்விங் சோறு என்பது அரை கப், ரொட்டி என்றால் ஒரே ஒரு துண்டு. நம் வீடுகளில் ஒரு வேளைக்குத் தட்டில் விழும் சோறு அதைப் போல மூன்று நான்கு இருக்கும். சொல் பிசகினால் அறிவுரையே தலைகீழாகிவிடும், அதுவும் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு பேசப்படுகிற காலத்தில்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ஆம் ஆண்டுக் கையேட்டில் இதே கருத்தை 'போர்ஷன்' என்ற பெயரில் வைத்திருக்கிறது. சமைக்காத நிலையில் தானியம் 30 கிராம், பருப்பு 30 கிராம், மீன் அல்லது இறைச்சி 50 கிராம், காய் 100 கிராம், பால் 100 மில்லி, எண்ணெய் 5 கிராம், இவை ஒவ்வொன்றும் ஒரு போர்ஷன். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தானியம் 9 போர்ஷன், ஆணுக்கு 12½, கடுமையாக உழைக்கும் ஆணுக்கு 20. இரவெல்லாம் வலை இழுப்பவரையும் கடையில் கல்லாவில் இருப்பவரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர முடிவது இதனால்தான். அளவு மாறாது, எண்ணிக்கை மட்டும் மாறும். நமக்கு வேண்டிய சொல் அந்த மாறாத அளவுக்கான சொல்.

'பங்கு', 'கூறு' இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை, கரையில் தினமும் காதில் விழுபவை. ஆனால் இரண்டுமே மாறுகிற அளவுகள். படகு கரைக்கு வந்ததும் செலவைக் கழித்துவிட்டுப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு எனப் பங்கு பிரிக்கிறார்கள். பாடு, அதாவது பிடிபட்ட மீன், நன்றாக இருந்தால் பங்கு பெரிது, இல்லையென்றால் ஒன்றுமில்லை. குவித்து வைத்து விற்கும் மீன் கூறும் அப்படித்தான். சூடை மீன் நிறைய வந்த நாளில் அதே விலைக்குக் கூறு உயரமாக இருக்கும். போதாததற்கு 'உணவுக்கூறு' என்றால் பாடநூலில் வேறு பொருள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. எனவே பங்கு என்பதை, ஒருவர் உண்மையில் எடுத்துச் சாப்பிடும் அளவுக்கு வைத்துக்கொள்வோம். அதற்கும் ஒரு சொல் தேவைதானே.

மாறாத அளவுக்கு என் முன்மொழிவு 'உண்ணளவு'. உண்கலம் போல வினைத்தொகை. இதை நான் பிடித்துக்கொள்ளக் காரணம் மீன்தான். சந்தையில் வாங்கும் காரல் மீனில் தலை, குடல், முள் போனால் எவ்வளவு மிஞ்சும் என்று நமக்குத் தெரியும். ஊட்டச்சத்துக் கணக்கு உண்ணத்தக்க பகுதியைத்தான் எடை போடுகிறது, வாங்கிய எடையை அல்ல. உண்ணளவு என்றதும் வாய்க்குப் போவது மட்டும் நினைவுக்கு வருகிறது. சர்விங்கை அப்படியே பெயர்த்து 'பரிமாறளவு' என்றால் அந்த வசதி இல்லை.

இதே அளவுக்கு அய்யா ஒருவர் 'உணவலகு' (அலகு என்றால் யூனிட்) என்று எழுதியிருந்தார்கள். துல்லியத்தில் அது என் சொல்லைவிட ஒரு படி மேல், ஒப்புக்கொள்கிறேன். உண்ணளவு என்பதை 'ஒருவர் உண்ணும் அளவு' என்று யாராவது எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆனால் அலகு என்றால் நம் பெண்களுக்குப் பறவையின் மூக்கும் நேர்த்திக்கடனுக்குக் குத்தும் அலகும்தான் முதலில் வரும். ஆய்வுக் கட்டுரையில் உணவலகு இருக்கட்டும் அய்யா. சுவரில் உண்ணளவு எழுதி, பக்கத்திலேயே அரை கப்பையும் மீன் துண்டையும் வரைந்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

இனி கீழக்கரைச் சகோதரியின் கேள்வி. அமெரிக்காவே 2011-இல், தட்டைப் பிரித்து எது எவ்வளவு என்று காட்டும் தட்டுப் படத்துக்கு மாறியது, ஐதராபாத் நிறுவனமும் 2024-இல் தட்டைத்தான் காட்டுகிறது, பிறகு ஏன் பிரமிடு என்கிறார். நியாயம்தான். அந்தத் தட்டில் 2000 கிலோகலோரிக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கறியும் கீரையும் 400 என்று நேரடியாகக் கிராமில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சகோதரி, உங்கள் ஊரில்தானே சஹன் என்னும் பெரிய தட்டில் பல பேர் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள்? ஒரே தட்டில் எல்லார் கையும் இருக்கும்போது, தட்டில் கால்வாசி இது, அரைவாசி அது என்றால் என் பங்கு எது என்று எப்படிக் கணக்கிடுவது? அங்கே எண்ணத்தக்க ஓர் அளவுதான் உதவும். கிராம் மட்டும் போதாது. அரிசி வெந்தால் எடை இரண்டரை, மூன்று மடங்காகிறது, தராசு வைத்துச் சோறு போடும் அடுப்படியும் இல்லை.

கருவாட்டைத் தனிக் கட்டத்தில் போட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நீர் வற்றியதால் 50 கிராம் கருவாடு 50 கிராம் பச்சை மீனாகாது, அதைவிடப் பல மடங்கு உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் ஒரே வேளையில் சேர்ந்தால் உப்பின் அளவு எங்கே போய் நிற்கும்? ஆகவே 'மீன், உண்ணளவு 1: சுத்தம் செய்த பச்சை மீன் 50 கிராம்' என்று எழுதிவிட்டு, கருவாடு இதில் சேராது என்று கீழேயே சொல்லிவிட வேண்டும்.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் இதே மீன் வரியையும் ஒரு சோற்று வரியையும் அந்தச் சொல்லால் எழுதி அனுப்புங்கள். குழுக்களில் படித்துக் காட்டுவோம். அவர்களுக்கு எது கேள்வி கேட்காமல் விளங்குகிறதோ அதையே அச்சுக்குக் கொடுக்கலாம்.